படகு ட்ரெயிலரின் தாங்குபலகைகளை மாற்றுவோம்

[காட்சி: முல்லைத்தீவுக் கரை. ட்ரெயிலரின் மேல் ஒரு கண்ணாடியிழைப் படகு.]

வணக்கம். ட்ரெயிலரின் இரும்புச் சட்டத்தின் மேல் நீளவாக்கில் இரண்டு பலகைகள் கிடக்கின்றன, பாருங்கள். படகின் பாரத்தில் பெரும்பகுதியை இவைதான் சுமக்கின்றன. வாடைக்காற்று எழுந்ததும் படகுகள் கரையேறிவிடும். பலகை மாற்றும் வேலையை அதற்கு முன்பே, புரட்டாதி வெயிலில் முடித்துக்கொள்ளுங்கள். மழை தொடங்கிவிட்டால் மரமும் காயாது, பூசிய பெயின்ற்றும் காயாது.

[காட்சி: பலகையின் அடிப்பக்கம். ஒரு கை திருப்புளியால் குத்திப் பார்க்கிறது.]

மேலே சுற்றிய கம்பளம் நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். உப்புநீரை உறிஞ்சி மரத்தோடு ஒட்டவைத்திருப்பதே அந்தக் கம்பளம்தான். அடிப்பக்கத்தில் திருப்புளியால் குத்துங்கள். முனை உள்ளே இறங்கினால் அந்தப் பலகை முடிந்துவிட்டது.

முதலில் எஞ்சினைக் கழற்றிப் படகை இறக்குங்கள். களப்பில் மிதக்கவிடலாம், மணலில் உருளைக்கட்டைகளின் மேல் வைக்கலாம். இறக்க வழியில்லாமல் ஜாக்கியால் தூக்கினால், கனமான கட்டைகளை அடியில் அடுக்கிய பிறகே வேலையைத் தொடங்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிப் படகின் கீழ் யாரும் படுக்கக் கூடாது. இதில் விட்டுக்கொடுப்பே இல்லை.

இரண்டு பலகைகளையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள். சட்டத்திலிருந்து பலகையின் மேல்விளிம்பு வரை உள்ள உயரத்தை முன்னும் பின்னும் அளந்து குறித்துவிட்டு, ஒன்றை மட்டும் எடுங்கள். மற்றது உங்களுக்கு அளவுகோலாக நிற்கும்.

[காட்சி: மரக்காலை. பலகைகள் அடுக்கிக் கிடக்கின்றன.]

பழைய பலகையின் அதே அகலமும் கனமும் கொண்ட, நன்கு காய்ந்த, வளைவில்லாத வைரப்பகுதி மரம் வேண்டும். வெளிறு, அதாவது மரத்தின் வெளிப்புற இளம்பகுதி, சீக்கிரம் உக்கும். பாலையும் முதிரையும் வன்னி மரங்கள், இரண்டும் உறுதியானவை. முதிரையை ஏற்றிச் செல்ல அனுமதிப்பத்திரம் தேவை, பத்திரத்தோடு விற்கும் மரக்காலையில் வாங்குங்கள். இவை கடினமான மரங்கள் என்பதால் முன்கூட்டியே துளையிடாமல் ஆணி அடித்தால் வெடிக்கும். ஒட்டுப்பலகை வேண்டாம், ஈரம் பட்டுப்பட்டு அடுக்கு பிரிந்துவிடும்.

வெட்டிய முனைகள் வழியாகத்தான் தண்ணீர் அதிகம் உள்ளே போகும். முனைகளுக்கும் துளைகளின் உட்புறத்துக்கும் இரண்டு, மூன்று முறை பெயின்ற் பூசுங்கள். சிலர் எஞ்சினிலிருந்து வடித்த கழிவு எண்ணெயைப் பூசுகிறார்கள். ட்ரெயிலர் இறங்கும் இடம் நந்திக்கடலாகவோ கொக்கிளாய்க் களப்பாகவோ இருக்கலாம். அந்த எண்ணெய் போய்ச் சேர்வது நமக்குச் சோறு போடும் இறாலிடம். தயவுசெய்து பூசாதீர்கள்.

கம்பளம் செயற்கை இழையாக இருக்கட்டும். மேற்பக்கத்தையும் இரு விளிம்புகளையும் சுற்றி, ஓரங்களை மட்டும் அடியில் மடித்துத் தறையுங்கள். அடிப்பக்கத்தை முழுக்க மூடிவிட்டால் தண்ணீர் வடிய வழி இருக்காது.

[காட்சி: போல்டின் தலை பலகைக்குள் அமிழ்ந்திருக்கிறது.]

போல்டின் தலை பலகையின் மேற்பரப்புக்குக் கீழே அமிழ வேண்டும். மேலே நீட்டிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு குலுக்கத்திலும் படகின் அடியை அராவும். துருப்பிடிக்காத உருக்கு போல்ட் நல்லது, அல்லது தடிப்பாகத் துத்தநாகம் பூசியது.

இப்போது மிக முக்கியமான இடத்துக்கு வருகிறோம்.

[காட்சி: படகின் கடையார், அதாவது பின்பகுதி. பலகையின் பின்முனை அருகில் தெரிகிறது.]

கடையாரில்தான் எஞ்சின் தொங்குகிறது. 40 குதிரைவலு எஞ்சின் ஒன்று ஏறத்தாழ 70 கிலோ வரும். பலகையின் பின்முனை கடையார்ப் பலகைக்கு நேர் கீழே வரை எட்ட வேண்டும். மரம் போதவில்லை என்று அரை அடி குறைத்துவிட்டால், பலகை முடியும் இடத்தில் படகின் அடி மாதக்கணக்கில் அழுந்தி மெல்ல வளைந்துவிடும். வெறுங்கண்ணுக்கு அது தெரியாது. கடலில் தெரியும்: ஓட்டத்தில் அணியம், அதாவது படகின் முன்பகுதி, தாழும், வேகம் ஏறாது, அதே தூரத்துக்கு மண்ணெண்ணெய் கூடுதலாகச் செலவாகும். எரிபொருள் விலையை எண்ணியெண்ணிக் கடலுக்குப் போகிறவர்களுக்கு அந்த அரை அடி மரம் பெரிய விஷயம். வளைந்த அடியை நிமிர்த்துவதும் லேசான வேலை அல்ல.

நட்டுகளை முதலில் தளர்வாகவே விடுங்கள். படகை ஏற்றி, இரு பக்கமும் பலகை இடைவெளி இல்லாமல் அடியோடு பொருந்துகிறதா என்று பார்த்த பிறகு இறுக்குங்கள். பரந்தன் வீதியில் முதல் தடவை இழுத்துச் செல்லும்போது சில கிலோமீற்றரில் நிறுத்தி, எல்லா நட்டுகளையும் மீண்டும் ஒருமுறை இறுக்கிவிடுங்கள். புதிய மரமும் கம்பளமும் பாரத்தில் அமுங்குவதால் அவை நிச்சயம் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.