மணிக்கணக்கில் வயதாகும் வண்டி

வானொலி நேயர்களுக்கு என் அன்பு வணக்கம். கோயம்புத்தூரில் மண்தடப் பந்தய வண்டிகளைப் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றைப் பல ஆண்டுகளாக நடத்திவருகிறேன். கொஞ்சமே ஓடிய மோட்டோகிராஸ் வண்டியை விலைக்கு வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பதைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள்.

முகப்பு விளக்கு, இண்டிகேட்டர், பக்கக் கண்ணாடி எதுவும் இல்லாத வண்டி இது. மேடும் பள்ளமுமான மண் தடத்தில் பாய்ந்து எழும்பி இறங்குவதற்கென்றே உருவாக்கப்பட்டது. யமஹா ஒய்.இசட். 250 எஃப், கவாஸாகி கே.எக்ஸ். 250, கே.டி.எம். 250 எஸ்.எக்ஸ்.எஃப் போன்றவற்றின் எடை ஏறத்தாழ 105 கிலோதான். ஆனால் அவற்றின் எஞ்சின் நிமிடத்துக்கு 13,000 சுற்றுகளையும் தாண்டிச் சுழலும். ஆகவே இவற்றின் வயதைக் கிலோமீட்டரில் கணக்கிடுவதில்லை; எஞ்சின் ஓடிய மணி நேரத்தில் கணக்கிடுகிறோம். வேலைக்குப் போய்வரும் சாதாரண பைக்கில் சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை எஞ்சின் ஆயில் மாற்றினால் போதும். இதில் ஐந்து முதல் பத்து மணி நேரத்துக்குள் மாற்றியாக வேண்டும். முழு வேகப் பந்தயங்களில் ஓடும் 250 சி.சி. நான்கு ஸ்ட்ரோக் வண்டிக்கு 40, 50 மணி நேரத்துக்குள் பிஸ்டனையே மாற்றிவிடுவது வழக்கம்.

விற்பவர் "இருபது மணி நேரம்தான் ஓடியிருக்கிறது" என்று சொல்லி மீட்டரைக் காட்டுவார். அந்த மீட்டர் பல வண்டிகளில் பின்னர் பொருத்தப்பட்ட சிறு கருவி. கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றைப் பொருத்த சில நிமிடங்கள் போதும். எனவே மீட்டரை நம்பாமல் வண்டியின் உடலைப் படிக்கப் பழக வேண்டும். ஃபுட்ரெஸ்டின் பற்கள் மழுங்கியிருக்கின்றனவா, பூட்ஸ் உரசி ஃப்ரேமின் ஓரம் தேய்ந்திருக்கிறதா, பின் சக்கரத்து ஸ்பிராக்கெட்டின் பற்கள் கொக்கிபோல் வளைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். இருபது மணி நேரத்தில் இவை பொதுவாக இப்படி ஆவதில்லை.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். இந்த வண்டிக்கு அந்த ஒரு சோறு ஏர் ஃபில்டர்தான். சீட்டைக் கழற்றச் சொல்லி, அல்லது பக்க மூடியைத் திறக்கச் சொல்லி, ஃபில்டரை வெளியே எடுங்கள். ஸ்பாஞ்சு போன்ற அந்த ஃபில்டரை ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் கழுவி, உலர்த்தி, அதற்கென உள்ள எண்ணெயில் நனைத்துப் பொருத்த வேண்டும். பிறகு, ஃபில்டருக்குப் பின்னால் எஞ்சினை நோக்கிப் போகும் ரப்பர் குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் ஒருமுறை துடைத்துப் பாருங்கள். துணியில் செம்மண் ஒட்டினால் அந்த மண் எஞ்சினுக்குள்ளும் போயிருக்கிறது என்று பொருள். மண் உள்ளே போனால் வால்வும் அது அமரும் இருக்கையும் தேயும். வால்வு மேலேறி, அதற்கு விட்டிருக்க வேண்டிய இடைவெளி குறைந்துவிடும். அப்போது குளிர்ந்த நிலையில் எஞ்சின் எளிதில் ஸ்டார்ட் ஆகாது. எட்டு மணி நேரமே ஓடி இப்படிக் கெட்ட வண்டியையும், அறுபது மணி நேரம் ஓடியும் தூசு படாத குழாயுடன் வந்த வண்டியையும் என் பட்டறையில் கண்டிருக்கிறேன். இரண்டில் ஒன்றை எனக்காக வாங்கச் சொன்னால் தயங்காமல் இரண்டாவதைத்தான் வாங்குவேன்.

குளிர்ந்த எஞ்சின் எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்று பார்க்க வேண்டும் என்பதால்தான், நீங்கள் போய்ச் சேரும்வரை எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். போனவுடன் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் அவர் எதையோ மறைக்க முயன்றிருக்கலாம். இன்னொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடலாம். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அப்பா தம் மகனுக்கு வாங்கிய வண்டியைக் கொண்டுவந்தார். சூடாக இருந்தபோது ஒரே கிக்கில் உயிர்பெற்ற அது, மறுநாள் காலை நாற்பது கிக்குக்கும் அசையவில்லை. நான்கு வால்வுகளையும் மாற்றி, சிலிண்டர் ஹெட்டையும் சீர்செய்ய அவர் செலவழித்ததை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. இரண்டு ஸ்ட்ரோக் வண்டியின் சிலிண்டர் ஹெட்டில் இப்படிப்பட்ட வால்வுகளே கிடையாது. பிஸ்டன் மாற்றுவதும் எளிது, செலவும் குறைவு. முதல் வண்டி வாங்கும் இளைஞர்களுக்கு 125 சி.சி. இரண்டு ஸ்ட்ரோக்கை நான் பரிந்துரைப்பது அதனால்தான்.

மற்றவற்றை விரைவாகப் பார்த்துவிடலாம். வண்டியை ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தி, பின் சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். அந்தச் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் பேரிங் தேய்ந்திருந்தால் கையில் ஆட்டம் தெரியும். ஹேண்டில்பாரை மெதுவாகத் திருப்பும்போது நடுவில் ஓர் இடத்தில் சிக்குவதுபோல் இருந்தால் ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங்கான கோன் செட் போய்விட்டது. ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு, ரேடியேட்டரில் நெளிவு, பாலும் நீரும் கலந்ததுபோல் வெளுத்த எஞ்சின் ஆயில் ஆகியவற்றையும் கவனியுங்கள். ஃப்ரேமில் புதிதாகப் பெயின்ட் பூசிய இடம் இருந்தால் அதனடியில் வெல்டிங் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

அடுத்தது ஆவணம். இவ்வண்டிகளுக்கு ஆர்.சி. புத்தகம் கிடையாது, 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி பதிவில்லாத வண்டியைப் பொது இடத்தில் ஓட்டவும் கூடாது. ஆகவே இறக்குமதியின்போது சுங்கவரி செலுத்தியதற்கான பில் ஆஃப் என்ட்ரியும், முதல் விற்பனை ரசீதும்தான் ஆதாரம். அவற்றில் உள்ள எண்களும், ஹேண்டிலுக்குக் கீழே ஃப்ரேமில் பொறித்த எண்ணும், எஞ்சின் எண்ணும் ஒத்துப்போக வேண்டும். நகல் மட்டும் கொடுத்து, அசல் பிறகு வரும் என்பவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

விலை பேசி முடித்தபின் வண்டியைக் குட்டியானை எனப்படும் சிறு சரக்கு வண்டியில் ஏற்றி, இருபுறமும் பட்டைக் கயிற்றால் கட்டிக் கொண்டுவாருங்கள். தடத்தில் இறக்குவதற்கு முன் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். முதல் அரை மணி நேரம் ஓட்டியதும் நிறுத்தி, சக்கரத்தின் ஒவ்வொரு ஸ்போக்ஸ் கம்பியையும் சிறு ஸ்பேனரால் தட்டிக் கேளுங்கள். இறுகிய கம்பி கணீரென்று ஒலிக்கும், தளர்ந்தது மந்தமாக ஒலிக்கும். மந்தமாக ஒலிப்பதை அங்கேயே முறுக்கிவிட்டு மறுபடி ஏறுங்கள். நன்றி, வணக்கம்.