துயரம் என்று பெயர் வைத்த பூ

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ஒரு பூவை நமக்கு உணர்த்துவது ஊரார் வழங்கும் பெயரா, தாவரவியல் பெயரா என்பது கேள்வி. தாவரவியல் பெயரே என்பது எங்கள் அணி.

எதிரணி நண்பர், “பவளமல்லி என்றால் வாய் மணக்கும், நிக்டாந்தஸ் ஆர்போர் டிரிஸ்டிஸ் என்றால் நாக்கு சுளுக்கும்” என்று கைதட்டல் வாங்கினார். சுளுக்கட்டும் ஐயா, பொருளைக் கேளுங்கள். கிரேக்கத்தில் நிக்ஸ் என்றால் இரவு, அந்தோஸ் என்றால் பூ. லத்தீனில் ஆர்போர் என்றால் மரம், டிரிஸ்டிஸ் என்றால் துயருற்றது. உங்கள் பவளம் காம்பின் நிறத்தோடு நின்றுவிட்டது. இந்தப் பெயரோ மரத்தின் மனத்தைச் சொல்கிறது.

“வெள்ளைக்காரன் வைத்த பெயர்தானே” என்றும் கேட்டார். 1753-இல் அதை முறையாகப் பதித்தவர் சுவீடனின் தாவரவியலாளர் லின்னேயஸ்தான், துயரம் அவருடையதன்று. அதற்கு 190 ஆண்டுகளுக்கு முன்பே, 1563-இல், கோவாவில் வாழ்ந்த போர்த்துகீசிய மருத்துவர் கார்சியா ட ஓர்ட்டா இதைத் துயர மரம் என்றே எழுதி, இந்த மண்ணில் கேட்ட கதையையும் சேர்த்து அச்சிட்டார். ஒரு பெருந்தலைவனின் மகள் சூரியனைக் காதலித்தாள். சூரியன் அவளைக் கைவிட்டு இன்னொருத்தியை நாடினான். அவள் உயிரை மாய்த்துக்கொண்டாள். எரித்த சாம்பலில் முளைத்த மரம் இன்றுவரை சூரியன் முகத்தில் விழிக்காமல் இரவிலேயே பூத்து உதிர்க்கிறது. நம் கதை ஐயா இது, லத்தீன் உடுத்தி நிற்கிறது!

என் அப்பத்தா இரவில் பழைய வேட்டியை மரத்தடியில் விரித்துவிட்டுப் படுப்பார். விடியுமுன் எழுந்தால், வேட்டி முழுக்கப் பூக்கள் முகம் கவிழ்ந்து, செம்மஞ்சள் காம்புகளை மேலே நீட்டிக் கிடக்கும். பனி நனைத்த இடமெல்லாம் மஞ்சள் கறை. “ஏன் அப்பத்தா கொட்டிப்போகுது?” என்று கேட்டேன். “வெயிலப் பாக்க அதுக்குப் பிடிக்கல சாமி” என்றார். லத்தீன் அறியாத, ட ஓர்ட்டாவைக் கேள்விப்படாத அப்பத்தா சொன்ன உரை அது. எனக்குக் கல்லூரியில் டிரிஸ்டிஸ் என்ற சொல்லின் பொருள் தெரிந்த அன்று, அப்பத்தாவின் குரல்தான் காதில் கேட்டது.

இருபத்தாறு வயதில் தாத்தாவை இழந்தவர் அவர். தரையில் விழுந்தாலும் சாமிக்கு ஆகும் பூ இது என்று கூடை கூடையாகப் பொறுக்கினார், நாரில் கோத்தார், கோயிலுக்கு அனுப்பினார், எங்கள் வீட்டுப் பெண்களுக்கெல்லாம் வைத்துவிட்டார். அதில் ஒரு பூவைக்கூடத் தன் தலையில் வைத்துக்கொள்ள ஊர் அவரை விடவில்லை. நடுவர் அவர்களே, அந்த முற்றத்து மரத்தை நான் எந்தப் பெயர் சொல்லி அழைக்க?