கிளாரன்ஸ் டாரோவும் டெட்ராய்ட் வழக்கும்

நேயர்களுக்கு என் வணக்கம்.

அமெரிக்க வழக்கறிஞர் கிளாரன்ஸ் டாரோ என்றதும், பரிணாமக் கொள்கையைக் கற்பித்த ஆசிரியருக்காக 1925ஆம் ஆண்டு டென்னசி மாநிலத்தின் டேட்டன் ஊரில் அவர் வாதாடிய வழக்கே பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் அதே ஆண்டின் பிற்பகுதியில் டெட்ராய்ட் நகரில் அவர் ஏற்றுக்கொண்ட வழக்கைத்தான் அவருடைய வாழ்க்கையின் உச்சமாக நான் கருதுகிறேன்.

டாரோ 1857இல் ஒஹாயோ மாநிலத்தில் பிறந்தார். அவருடைய தந்தை மரச்சாமான்கள் செய்பவர். அடிமை முறையை வெறுத்தவர். சிகாகோவில் ரயில்வே நிறுவனமொன்றின் வழக்கறிஞராக இருந்த மகன், 1894ஆம் ஆண்டு புல்மன் ரயில்பெட்டி நிறுவனத் தொழிலாளர்கள் தொடங்கிய வேலைநிறுத்தத்தின்போது அந்தப் பதவியை உதறிவிட்டு, தொழிற்சங்கத் தலைவர் யூஜின் டெப்ஸுக்காக வாதாட வந்தார். பின்னாளில் லாஸ் ஏஞ்சலஸில், ஜூரிகளுக்கு, அதாவது தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுவினருக்கு, கையூட்டுக் கொடுக்க முயன்றதாக அவர்மீதே வழக்குத் தொடரப்பட்டது. 1912இல் ஒரு வழக்கில் விடுதலை கிடைத்தது. அடுத்ததில் ஜூரிகள் ஒருமனப்படவில்லை. குற்றவாளிக் கூண்டின் அச்சத்தைத் தாமே அறிந்தவர் அவர் என்பதை நாம் மறக்கலாகாது.

ஓசியன் ஸ்வீட் என்ற கறுப்பின மருத்துவர் 1925 செப்டம்பரில், வெள்ளையர் வாழ்ந்த பகுதியில் தாம் வாங்கிய வீட்டில் குடியேறினார். மறுநாள் இரவு வீட்டைச் சூழ்ந்த கூட்டம் கல்லெறிய, உள்ளிருந்து துப்பாக்கி வெடித்து வெளியே ஒருவர் இறந்தார். வீட்டிலிருந்த பதினொருவர்மீதும் கொலைக் குற்றம் சுமத்தப்பட்டது. ஜூரிகள் பன்னிருவரும் வெள்ளையர்கள். முதல் விசாரணை முடிவெட்டாமல் கலைந்தது.

1926இல், சுட்டதை ஒப்புக்கொண்டிருந்த, ஸ்வீட்டின் தம்பி ஹென்றி மட்டும் தனியே விசாரிக்கப்பட்டார். டாரோ ஏறத்தாழ ஏழு மணி நேரம் பேசினார். கறுப்பினக் கூட்டமொன்று சூழ்ந்த வீட்டிலிருந்து வெள்ளையர் சுட்டிருந்தால் அவர்கள்மேல் வழக்கே வந்திருக்காது, பதக்கம்தான் கிடைத்திருக்கும் என்று அவர் வெள்ளையரான புதிய ஜூரிகள் பன்னிருவரின் முகம் பார்த்தே சொன்னார். தம்மிடமுள்ள வெறுப்பை அவர்களே எடுத்துப் பார்க்கும்படி கேட்பது எத்தகைய துணிவு! நான்கு மணி நேரத்துக்குள் அவர்கள் திரும்பி வந்து, ஹென்றி குற்றவாளியல்லர் என்றார்கள். மற்றவர்கள்மீதான குற்றச்சாட்டுகளும் 1927இல் கைவிடப்பட்டன.

வணக்கம்.