புகையில்லா அடுப்பு புகைந்தால்

நேயர்களுக்கு வணக்கம்.

கேஸ் வந்த பிறகும் கிராமத்து வீடுகளில் விறகடுப்பு ஓயவில்லை. நெல் அவிக்கவும், வெந்நீர் போடவும், மாட்டுக்குக் கொள்ளு வேகவைக்கவும் அதுதான் கைகொடுக்கிறது. பல வீடுகளில் இருப்பது இரண்டு கண் வைத்து, பின்னால் புகைக்குழாய் ஏற்றிய மண் அடுப்பு, அதாவது புகையில்லா அடுப்பு. நடுவண் அரசு 1983-இல் தொடங்கிய மேம்பட்ட அடுப்புத் திட்டத்தின் காலத்தில் நாடெங்கும் பரவிய வகை இது. 2002-இல் அந்தத் திட்டம் முடிந்துபோனது. போட்டுக்கொடுத்தவர்கள் இப்போது வருவதில்லை. அடுப்பு மட்டும் நிற்கிறது. புகைய ஆரம்பித்ததும் பலர் மேலே ஒரு கை மண்ணை அப்பிவிடுகிறார்கள். அதனால் பயனில்லை. புகை எந்த இடத்தில் வெளிவருகிறது என்று முதலில் பாருங்கள். பழுது எங்கே என்பதை அதுவே காட்டிக்கொடுக்கும்.

பாத்திரத்தைச் சுற்றிப் புகை கசிந்தால், கண்ணின் விளிம்பு தேய்ந்துவிட்டது என்று பொருள். குழாய் இல்லாத சாதாரண அடுப்பில் மூன்று குமிழ் வைத்து, பானைக்கும் அடுப்புக்கும் நடுவே ஒரு விரல் இடம் விடுவோம். புகையும் தீயும் அந்த வழியாகத்தான் வெளியேறும். குழாய் வைத்த அடுப்புக்குக் குமிழ் கூடாது. பாத்திரம் கண்ணில் இறுக உட்கார வேண்டும். இரண்டையும் ஒன்றென நினைத்து, குழாய் அடுப்பில் குமிழ் வைத்துவிட்டு, புகையில்லா அடுப்பு புகைகிறதே என்று சொல்பவர்கள் நிறைய. அன்றாடம் வைக்கும் பாத்திரத்தையே ஈர மண்ணில் வைத்து, இப்படியும் அப்படியும் திருகி விளிம்பை எடுங்கள். சின்னப் பாத்திரம் வைக்கும் நாளில் இரும்பு வளையம் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு கண் சும்மா இருந்தால் அதைத் திறந்து விடாதீர்கள். தண்ணீர் ஊற்றிய பாத்திரம் ஒன்றை வைத்துவிடுங்கள்.

அடுப்பு வாய் வழியாகப் புகை திரும்பி வந்தால், உள்ளே பாதை அடைத்திருக்கிறது. பின்கண்ணில் இருக்கும் பாத்திரத்தை எடுத்துவிட்டு, அடுப்பு நன்றாக ஆறிய பிறகு கையை உள்ளே விட்டுப் பாருங்கள். முன்கண்ணிலிருந்து வரும் சுரங்கமும், குழாயின் அடிவாயும் அங்கேதான் இருக்கின்றன. பறந்து வந்த சாம்பல் அந்த இடத்தில்தான் படியும். அகப்பையால் வழித்து எடுத்துவிடலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பின்கண்ணின் அடியில் ஒரு மண் மேடு கைக்குத் தட்டுப்படலாம். அது சாம்பல் கட்டி அல்ல. தீயைப் பாத்திரத்தின் அடிக்குத் தள்ளுவதற்காகவே வைத்தது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டால் சூடு நேராகக் குழாய்க்குப் போய்விடும், பின்கண்ணில் எதுவும் கொதிக்காது. தேய்ந்திருந்தால் மேட்டுக்கும் பாத்திரத்துக்கும் நடுவே இரண்டு விரல் இடம் இருக்கும்படி உயர்த்திக் கட்டுங்கள்.

பாதை சுத்தமாக இருந்தும் வாயில் புகை வந்தால், குழாயைப் பாருங்கள். தினமும் எரியும் அடுப்பென்றால் மாதம் ஒரு முறை குழாயின் உள்ளே படிந்த கரியை எடுக்க வேண்டும். முதல் நாள் இரவே தீயை அணைத்துவிடுங்கள். கரி அறைக்குள் பறக்காமலிருக்க, அடுப்பு வாயையும் கண்களையும் ஈரச் சாக்கால் மூடுங்கள். மூக்கு, வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, மேல்மூடியைக் கழற்றி, சாக்குத்துணியும் தேங்காய் நாரும் சேர்த்துக் கட்டிய உருண்டையைக் கயிற்றில் இறக்கி ஏற்றுங்கள். பழைய குழாய்கள் பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டு. அதை வெட்டுவதோ, துளைப்பதோ, கம்பி பிரஷ் போட்டுத் தேய்ப்பதோ கூடாது. அந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. விரிசல் விட்டிருந்தால் ஒட்டுப் போடாமல், தண்ணீர் தெளித்து நனைத்து முழுசாகக் கழற்றிவிட்டு, தகரக் குழாய் மாட்டுங்கள். கூரைக்கு மேல் குறைந்தது 3 அடி நீட்டி நிற்கட்டும். குட்டையாக இருந்தால் காற்று சுழன்று புகையைக் கீழே தள்ளும். தகரக் குழாய்க்கும் ஓலை, மூங்கில், மரச்சட்டத்துக்கும் நடுவே ஒன்றரை அடி இடம் வேண்டும். கீற்றுக் கூரை என்றால் கூரையைத் துளைக்காமல், மண் அல்லது செங்கல் சுவர் வழியாக வெளியே எடுத்து, ஓலை இறவாரத்திலிருந்தும் அதே அளவு தள்ளி ஏற்றுவதே என் யோசனை.

காலையில் பற்றவைத்ததும் கொஞ்ச நேரம் மட்டும் புகைந்தால் அது பழுதல்ல, குழாய் குளிர்ந்திருக்கிறது. பின்கண் வழியாக ஒரு கைப்பிடி காய்ந்த தென்னோலையைக் குழாயடியில் கொளுத்துங்கள், இழுவை பிடித்துக்கொள்ளும்.

இனி மண் வேலை. விரிசலுக்குச் சிமெண்டு பூசாதீர்கள். சூட்டில் மண் ஒருவிதமாகவும் சிமெண்டு வேறுவிதமாகவும் விரியும், சில வாரத்தில் பெயர்ந்து விழும். சலித்த களிமண் அல்லது புற்றுமண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, உமி ஒரு பங்கு, சாணம் அரைப் பங்கு. தண்ணீர் விட்டு மிதித்து, இரண்டு நாள் ஊறவிடுங்கள். அதில் ஒரு வடை தட்டிக் காயவைத்தால் பதம் தெரிந்துவிடும்: வெடித்தால் மணல் சேர்க்க வேண்டும், கையில் உதிர்ந்தால் களிமண் சேர்க்க வேண்டும். விரிசலை ஓர் அங்குல ஆழத்துக்கு, உள்பக்கம் அகலமாக இருக்கும்படி கொத்திவிடுங்கள். தூசியைத் தட்டி, தண்ணீர் தெளித்து, களிமண் கரைசலைத் தடவி, அதன் பிறகு மண்ணை அழுத்தி அடையுங்கள். காய்ந்த சுவரில் நேராக அப்பினால் பழைய மண் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், ஒட்டாது. நிழலில் நான்கைந்து நாள் காயட்டும். பிறகு இரண்டு நாள் அரை மணி நேரம் சுள்ளியும் ஓலையுமாக இளந்தீ போடுங்கள். எடுத்த எடுப்பில் பெருந்தீ போட்டால் உள்ளே நிற்கும் ஈரம் ஆவியாகி மண்ணைப் பிளந்துகொண்டு வரும்.

விறகைப் பற்றி. பச்சை விறகின் எடையில் பாதி தண்ணீர். தீ முதலில் அதை வற்றவைக்க வேண்டும். அதுவரை வருவது புகைதான். அந்தப் புகை குழாயின் உட்புறத்தில் தார் போலப் படியும், ஒருநாள் அதுவே தீப்பிடிக்கும். கைக்கட்டை விரல் இரண்டு சேர்ந்த தடிமனுக்குப் பிளந்து, மழை படாத இடத்தில் மாதக்கணக்கில் காயவையுங்கள். இரண்டு கட்டையைத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். வாயை அடைக்கும்படி திணிக்காமல், இரண்டு மூன்று குச்சியாகத் தள்ளிக்கொண்டே போங்கள். பெயிண்ட் அடித்த பலகை, பிளைவுட், பிளாஸ்டிக், அரளிக் கட்டை இவை அடுப்புக்குள் போகவே கூடாது. மண்ணெண்ணெயைத் தணல் மேல் ஊற்றவே ஊற்றாதீர்கள்.

குழாய்க்குள் ஹோவென்று இரைச்சல் கேட்டால் உள்ளே தீப்பிடித்திருக்கிறது. எரியும் விறகை இழுத்து வெளியே போட்டு, அடுப்பு வாயை ஈரச் சாக்கால் அடைத்து, எல்லோரும் வெளியே வந்து தீயணைப்புக்கு 101 அல்லது 112 அழையுங்கள். குழாயில் தண்ணீர் ஊற்றினால் அது வெடிக்கும்.

தணலைச் சட்டியில் அள்ளிக்கொண்டு குளிருக்குப் படுக்கையறையில் வைத்துக் கதவைச் சாத்தும் வழக்கம் நீலகிரி, கொடைக்கானல் பக்கம் உயிர்களைப் பறித்திருக்கிறது. புகையே இல்லாத தணலிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளைச் சாய்த்துவிடும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

தீப்புண் பட்டால் மாவு, பேனா மை, பற்பசை எதுவும் தடவ வேண்டாம். 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டி, சுத்தமான துணியால் மூடி, மருத்துவமனைக்குப் போங்கள். படுக்கப் போகும் முன் மிச்ச விறகை இழுத்து அணைத்துவிடுங்கள். சாம்பலுக்குள் மறுநாள் வரை கங்கு உயிரோடு இருக்கும். சாம்பலை மூடி போட்ட தகர டின்னில் அள்ளி வையுங்கள். வைக்கோல் போருக்கும் குப்பைக் குழிக்கும் பக்கத்தில் கொட்ட வேண்டாம்.

நன்றி, வணக்கம்.