வால்வின் பிளேட் சிவந்தால் உடனே அணையுங்கள்: கிட்டார் ஆம்ப்ளிஃபயரில் பயஸ் அமைத்தல்

[திரையில்: இருண்ட அறையில் ஒரு பவர் வால்வு, உள்ளிருக்கும் தகடு சிவந்து ஒளிர்கிறது]

வணக்கம். இங்கே தெரியும் சிவப்பு, வால்வின் (ஒலியைப் பெருக்கும் வெற்றிடக் குழாயின்) இழையில் எப்போதும் இருக்கும் இளஞ்சூட்டு ஒளி அன்று. பிளேட் எனப்படும் தகடே பழுக்கக் காய்ந்து நிற்கிறது. இன்னும் சிறிது நேரம் விட்டால் வால்வோடு அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் எரிந்துபோகலாம். இதற்குப் பெரும்பாலும் காரணம், பயஸ் தவறியிருப்பதே.

கிட்டாரை மீட்டாதபோதும் வால்வின் வழியே எவ்வளவு மின்னோட்டம் ஓட வேண்டும் என்பதை, வால்வுக்குள் கிரிட் எனப்படும் கம்பி வலைக்குத் தரும் மைனஸ் வோல்டேஜ் தீர்மானிக்கிறது. அதுவே பயஸ்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தவருக்கு இதை விளக்கப் பேச்சிப்பாறை அணை ஒன்றே போதும். 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணையில், ஷட்டரைச் சற்று ஏற்றி இறக்கும் ஒரு கையின் அசைவுக்கு, நாம் சானல் என்று சொல்லும் கால்வாயின் நீர் முழுவதும் கட்டுப்படுகிறது. கிரிட் அந்த ஷட்டர். கிட்டாரின் சிறிய சிக்னல் அந்தக் கை. இனி, ஒரே சானலுக்கு இரண்டு ஷட்டர்கள் மாறி மாறி நீர் விடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று அடைபட்ட பிறகும் மற்றது திறக்கத் தாமதித்தால், சானல் ஒரு கணம் வறண்டு, கடைமடை வயலில் அது தெரிந்துவிடும். புஷ்-புல் ஆம்ப்ளிஃபயரில் இரண்டு வால்வுகளும் இப்படித்தான் முறைவைத்து உழைக்கின்றன. பயஸ் மிகவும் குளிர்ந்திருந்தால், அதாவது மின்னோட்டம் மிகக் குறைவாக இருந்தால், மெல்லிய சுரங்கள் கரகரப்பதற்குக் காரணம் அந்த வறண்ட கணமே. ஆகவே இரண்டையும் எப்போதும் கொஞ்சம் திறந்து வைக்க வேண்டும். ஆனால் அளவு மீறினால், உயரத்திலிருந்து விழும் நீர் அடித்தளத்தைக் குடைவதுபோல, எலக்ட்ரான்கள் பிளேட்டில் மோதி அதைச் சுட்டுவிடும். இந்த ஒப்புமை எனக்கு மிகவும் பிடித்தது; ஏனெனில் விழும் உயரம் பிளேட் வோல்டேஜ், விழும் நீரின் அளவு மின்னோட்டம், இரண்டின் பெருக்கலே வெப்பம்.

[திரையில்: மல்டிமீட்டர்]

6எல்6ஜிசி வால்வின் பிளேட் தாங்கும் உச்சம் 30 வாட். அதில், பயஸுக்குப் பலரும் கொள்ளும் 70 சதவீதம் 21 வாட். பிளேட்டில் 450 வோல்ட் இருந்தால் 47 மில்லி ஆம்பியர் வரும். இதை எட்ட வேண்டிய இலக்காகப் பலர் எண்ணுகிறார்கள். நான் எல்லையாகவே கொள்கிறேன், 40 அளவில் நிறுத்திக் காதால் முடிவு செய்கிறேன். இஎல்34 என்றால் உச்சமே 25 வாட்தான். எலக்ட்ரான்கள் புறப்படும் முனையான கேத்தோடில் 1 ஓம் ரெசிஸ்டர் இருந்தால், மீட்டர் காட்டும் ஒவ்வொரு மில்லிவோல்ட்டும் ஒரு மில்லி ஆம்பியர். ஸ்கிரீன் எனும் இரண்டாவது கிரிட்டின் மின்னோட்டமும் அதில் சிறிது கலந்திருக்கும்.

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கப்பாசிட்டரில் உயிரைப் பறிக்கும் வோல்டேஜ் தங்கியிருக்கும். பழக்கமில்லாதவர்கள் தயவுசெய்து பெட்டியைத் திறக்க வேண்டாம். ஸ்பீக்கரை இணைக்காமல் ஆம்ப்ளிஃபயரை இயக்கவும் கூடாது.

பயஸைக் கூட்டிக் குறைக்கும் திருகைத் திருப்பினால் பிளேட் வோல்டேஜும் மாறும். எனவே ஒவ்வொரு முறையும் இரண்டையும் அளந்து மீண்டும் கணக்கிட வேண்டும். மாலையில் லைன் வோல்டேஜ் தாழ்ந்திருக்கும்போது எல்லை வரை அமைத்தால், விளக்குகள் அணைந்த பின்னிரவில் அது ஏறி, பிளேட் எல்லையைக் கடந்துவிடும். கேத்தோடில் உள்ள ரெசிஸ்டரே பயஸைத் தானாக அமைக்கும் வாக்ஸ் ஏசி30 போன்ற ஆம்ப்ளிஃபயர்களில் திருப்புவதற்கு அந்தத் திருகே இல்லை.

உங்கள் ஊர் ஆலயப் பாடகர் குழுவிலோ வீட்டிலோ வால்வு ஆம்ப்ளிஃபயர் இருந்தால், அதன் அளவைக் கீழே எழுதுங்கள். மின்னோட்டத்தோடு பிளேட் வோல்டேஜையும், அளந்தபோது இருந்த லைன் வோல்டேஜையும் சேர்த்தே எழுதுங்கள். அவை இன்றி என்னால் ஒன்றும் சொல்ல இயலாது.