ஐஇஎல்டிஎஸ் ரீடிங், ரைட்டிங்: அடுத்த மாதிரித் தாள் கொடுக்குறதுக்கு முன்னாடி

வணக்கம்ங்க. இன்னைக்கு வீடியோ ஐஇஎல்டிஎஸ் அகாடமிக், அதாவது வெளிநாட்டுல படிக்கப் போறவங்க எழுதுற இங்கிலீஷ் தேர்வ சொல்லிக் கொடுக்குற டீச்சர்களுக்கு. வீட்ல தானே படிக்கிறவங்களும் பாருங்க, உங்களுக்கும் உதவும். ரீடிங், ரைட்டிங் ரெண்டு மட்டும் பேசப் போறோம்.

நிறைய பேர் தினமும் ஒரு மாதிரித் தாள் போட வைக்கிறாங்க. ரீடிங் மார்க் 40-க்கு 23, 25, 24-ன்னு அங்கயே நிக்குது. ஏன்னா தாள் போடுறது பரிசோதனை மட்டும்தான். விடையத் திருத்தி மார்க் போட்டதோட மூடி வச்சுட்டா, அந்தப் பையன் எங்க தடுக்கி விழுந்தான்னு அவனுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. அதனால வாரத்துக்கு ஒரே ஒரு முழுத் தாள் போதும். மிச்ச நாள் பூரா அந்தத் தாளப் பிரிச்சுப் போட்டுப் பாக்கணும்.

எப்படின்னு சொல்றேன். ரீடிங்ல 3 பத்தி (பாசேஜ், ஒவ்வொண்ணும் ஒரு நீளமான கட்டுரை), 40 கேள்வி, 60 நிமிஷம். பேப்பர்ல எழுதுற தேர்வா இருந்தாலும் விடைத்தாள்ல மாத்தி எழுதத் தனி நேரம் கிடையாது, அந்த 60-க்குள்ளயேதான். வகுப்புல முதல் 60 நிமிஷம் பென்சில்ல எழுதச் சொல்லுங்க. மணி அடிச்சதும் பென்சில வாங்கிட்டு நீலப் பேனா குடுங்க. இப்ப நேரக் கட்டுப்பாடு இல்ல. விட்டத எழுதலாம், சந்தேகமானத மாத்தலாம், ஆனா பழைய விடைய அழிக்கக் கூடாது, பக்கத்துல எழுதணும். கடைசில ரெண்டு மார்க் வரும். பென்சில்ல 22, பேனாவோட சேர்த்து 31-ன்னா பிரச்சினை வேகம். 22-ம் 23-ம்னு வந்தா பிரச்சினை புரிதல். இந்த ரெண்டு பேருக்கும் ஒரே பயிற்சி குடுக்குறதுதான் நாம பண்ற பெரிய தப்பு. புரியாதவனப் போய் வேகமாப் படின்னு விரட்டினா இன்னும் மோசமாத்தான் போகும்.

அடுத்தது, விடைத் திறவுகோலக் காட்டுறதுக்கு முன்னாடி, ஒவ்வொரு விடையும் எந்த வரியில இருந்து வந்துச்சுன்னு பத்தியில அடிக்கோடு போடணும். கோடு போட முடியலன்னா அது ஊகம். ஊகம் சரியாவே இருந்தாலும் தப்புக் கணக்குலதான் சேருங்க. நெகட்டிவ் மார்க் இல்லாததால தேர்வுல ஒரு கேள்வியும் காலியா விடக் கூடாது, அது வேற. பயிற்சில ஊகத்தைத் தனியாப் பிரிச்சே ஆகணும்.

இப்ப எல்லாரும் மாட்டிக்கிற இடம்: ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன். அதாவது கேள்வியில ஒரு வாக்கியம் குடுப்பாங்க, பத்தி அத ஒத்துக்குதா, மறுக்குதா, இல்ல சொல்லவே இல்லையான்னு எழுதணும். ஒரு உதாரணம் வச்சுக்குவோம். பத்தியில "அந்தத் தீவுல பெரும்பாலான பறவைகள் தரையில கூடு கட்டுது"ன்னு இருக்கு. கேள்வி, "எல்லாப் பறவையும் தரையிலதான் கூடு கட்டுது". பத்தி இத மறுக்குது, அதனால ஃபால்ஸ். இன்னொரு கேள்வி, "மரங்கள் குறைவா இருக்குறதால தரையில கூடு கட்டுது". கேக்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா காரணத்தப் பத்தி பத்தியில ஒரு வார்த்தை கூட இல்லன்னா நாட் கிவன். பசங்க இங்க தன்னோட பொது அறிவ உள்ள கொண்டு வந்துடுறாங்க. அதனால ரெண்டு கேள்வியா உடைக்கச் சொல்லுங்க. முதல்ல, பத்தியில இந்த விஷயத்தப் பேசுதா? இல்லன்னா அங்கயே நிறுத்திடு, நாட் கிவன். பேசுதுன்னா, ஒத்துப் போகுதா, மோதுதா? எல்லாம், சில, மட்டும், எப்பவும் மாதிரி அளவுச் சொற்கள வட்டம் போட வைங்க. பாதித் தப்பு அந்த ஒரு சொல்லாலதான் வரும். இன்னொன்னு, இந்த வகைக் கேள்விகள் பத்தியோட வரிசையிலயே வரும். 4-வது விடையும் 6-வது விடையும் கிடைச்சா, 5 அந்த ரெண்டுக்கும் நடுவுலதான். அங்க இல்லன்னா பத்தி முழுக்கத் தேடி 4 நிமிஷம் போக்க வேண்டாம். ஒவ்வொரு பாராவுக்கும் தலைப்பு பொருத்துற கேள்விக்கு இந்த வரிசை கிடையாது, கவனம்.

கோடிட்ட இடம் நிரப்புறதுல "ரெண்டு சொல்லுக்கு மேல வேண்டாம்"னு போட்டிருந்தா, முன்னாடி ஒரு 'த' (the) சேர்த்து மூணாக்கினாலும் அந்த மார்க் போச்சு. ஸ்பெல்லிங் தப்பும் அப்படித்தான். சொல் பத்தியிலயே இருக்கு, பாத்து எழுதினாப் போதும்.

சரி, ரைட்டிங். டாஸ்க் 1, வரைபடம் மாதிரி ஒண்ணப் பாத்து விவரிக்கிறது, குறைஞ்சது 150 சொல். டாஸ்க் 2, கட்டுரை, குறைஞ்சது 250. மொத்தம் 60 நிமிஷம். டாஸ்க் 2-க்கு ரெண்டு மடங்கு மதிப்பு. அதனால டாஸ்க் 1-ஐ 20-வது நிமிஷத்துல நிறுத்தியே ஆகணும், அழகுபடுத்திக்கிட்டு இருக்கக் கூடாது.

டாஸ்க் 1-ல ஓவர்வியூ, அதாவது முக்கியமான போக்கு என்னன்னு சொல்ற சுருக்கம், இல்லாம ஒவ்வொரு எண்ணா வாசிச்சுட்டுப் போறதுதான் பெரிய குறை. இதுக்கு நான் சொல்ற பயிற்சி, வரைபடத்துல இருக்குற எண் எல்லாத்தையும் கையால மறைச்சுட்டு ரெண்டு வாக்கியம் எழுதச் சொல்லுங்க. எது ஏறுது, எது இறங்குது, எது எல்லாத்தையும் விடப் பெருசு. அந்த ரெண்டு வாக்கியம்தான் ஓவர்வியூ. எண்கள் அப்புறம் வரட்டும்.

டாஸ்க் 2-ல கேள்விய நாலு தடவை படிக்கணும்னு சொன்னா மிகையில்ல. காரணமும் தீர்வும் கேட்டிருக்க, காரணத்த மட்டும் எழுதினா எவ்வளவு நல்ல இங்கிலீஷா இருந்தாலும் மார்க் குறையும். 5 நிமிஷம் திட்டம், 30 நிமிஷம் எழுத்து, 5 நிமிஷம் சரிபார்ப்பு. மனப்பாடம் பண்ணின தொடக்க வரிகள விட்டுடச் சொல்லுங்க, திருத்துறவங்க அத உடனே கண்டுபிடிச்சுடுவாங்க. கேள்வியில இருக்குற வரிய அப்படியே எடுத்து எழுதினா அது சொல் எண்ணிக்கையிலயும் சேராது.

சரிபார்ப்புல தமிழ்ல யோசிக்கிற பசங்களுக்குன்னே மூணு இடம் இருக்கு. நாம "பத்து மரம்"னு ஒருமையில சொன்னாலும் தப்பில்ல, அதனால இங்கிலீஷ்ல பன்மை 'எஸ்' விட்டுப் போகும். தமிழ்ல 'அ' (a), 'த' (the) மாதிரி முன்சொல் வழக்கமே இல்ல, அதுவும் விட்டுப் போகும். மூணாவது, "இருந்தாலும்"னு ஆரம்பிச்சு நடுவுல "ஆனா"வும் போட்டுடுவாங்க, இங்கிலீஷ்ல 'ஆல்தோ', 'பட்' ரெண்டும் ஒரே வாக்கியத்துல அப்படிச் சேராது. ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா ஒரு தடவை கட்டுரைய ஓட்டிப் பாக்கணும். மூணையும் ஒரே ஓட்டத்துல தேடினா எதுவுமே கண்ல படாது.

திருத்தும்போது கட்டுரை பூரா சிவப்பு மை அடிக்காதீங்க. ரெண்டு வகைத் தப்ப மட்டும் ஓரத்துல குறியீடு போட்டுத் திருப்பிக் குடுங்க, சரியான வடிவத்த நீங்க எழுதாதீங்க. பசங்களே கண்டுபிடிச்சு அந்த ஒரு பத்திய மறுபடி எழுதட்டும். புதுத் தலைப்பு, அந்தப் பத்தி சுத்தமா வந்த பிறகு.