தெளிவாக இருந்தால் கரைசலா?

வணக்கம் நேயர்களே. கலவைகளைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். வேதியியல் பாடம் நடத்தியே பழகியவன் நான். கரும்பலகை இல்லாமல் பேசும்போது கை தானாகச் சாக்பீஸைத் தேடுகிறது.

சரி, ஒரு டம்ளர் தண்ணீரில் உப்பைப் போட்டுக் கலக்குகிறீர்கள். உப்பு கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் நாக்குக்குத் தெரிகிறது. தண்ணீரை வற்ற வைத்தால் அதே உப்பு திரும்பவும் கிடைக்கும். கலவையின் குணமே இதுதான். அளவிலும் கண்டிப்பு கிடையாது. ஒரு சிட்டிகையும் போடலாம். சாதாரண வெப்பநிலையில் 100 கிராம் தண்ணீருக்கு ஏறக்குறைய 36 கிராம் வரையிலும் போடலாம். தண்ணீர் அப்படியல்ல, அது சேர்மம். இரண்டு பங்கு ஹைட்ரஜன் அணுவுக்கு ஒரு பங்கு ஆக்சிஜன் அணு, அவ்வளவுதான். அங்கே பேரமே கிடையாது.

அந்த உப்புத் தண்ணீரை மேலாக எடுத்தாலும் அடியிலிருந்து எடுத்தாலும் ஒரே கரிப்புதான். அதனால் அது ஒருபடித்தான கலவை. கரைசல் என்பது இதைத்தான். சேற்றுத் தண்ணீரைக் கலக்கி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துப் பாருங்கள், மண் அடியில் தங்கிவிடும். அது பலபடித்தான கலவை. அதிலும் தொங்கல் என்ற வகை. எண்ணெயும் தண்ணீரும் பிரிந்து நிற்பதும் பலபடித்தான கலவைதான்.

இதுவரைக்கும் யாருக்கும் சிக்கல் இருக்காது. எதைக் காட்டினாலும் இந்த இரண்டு பெட்டிகளில் ஒன்றில் போட்டுவிடலாம் என்று மாணவர்கள் நிம்மதியாக உட்காரும் நேரம் பார்த்து, பால் எதில் சேரும் என்று கேட்பேன். ஒரே வெள்ளைதானே, ஒருபடித்தானது என்பார்கள். நுண்ணோக்கியில் பார்த்தால் கொழுப்புத் துளிகள் தனித்தனியாக மிதந்துகொண்டிருக்கும். இப்படி ஒரு திரவம் இன்னொரு திரவத்தில் துளித்துளியாகப் பரவி நிற்பதைப் பால்மம் என்கிறோம். பால் என்ற சொல் அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது, பாருங்கள்.

பாலிலாவது வெண்மை காட்டிக் கொடுக்கிறது. கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும் திரவமும் நம்மை ஏமாற்றலாம். இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த கதை வருகிறது. நிகழ்ச்சிப் பொறுப்பாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார், பரவாயில்லை.

மைக்கேல் ஃபாரடே என்றால் மின்சாரம்தான் நினைவுக்கு வரும். 1850-களில் அவர் தங்கத்தின் மேல் ஒளி படும்போது என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் மெல்லிய தங்க ரேக்குகள். அப்புறம், தங்கக் குளோரைடு கரைசலில் பாஸ்பரஸைச் சேர்த்துத் தங்கத்தைப் பிரித்தபோது அவருக்குக் கிடைத்தது மாணிக்கச் சிவப்பில் ஒரு தெளிந்த திரவம். வண்டல் இல்லை, கலங்கலும் இல்லை. யாராக இருந்தாலும் கரைசல் என்று எழுதி வைத்திருப்போம். அவர் அதற்குள் குவித்த ஒளியைப் பாய்ச்சினார். திரவத்துக்குள் ஒளியின் பாதை பளிச்சென்று தெரிந்தது. உண்மையான கரைசலாக இருந்தால் அப்படித் தெரியாது. தங்கம் கரையவில்லை, கண்ணுக்கு எட்டாத பொடியாகப் பரவியிருக்கிறது என்றார். அது 1857. இப்படிக் கரையாமல் நுண்துகளாகப் பரவி நிற்பதை இன்று கூழ்மம் என்கிறோம். அதற்கான ஆங்கிலச் சொல்லை வேதியியலாளர் தாமஸ் கிரகாம் உருவாக்கியதே 1861-இல்தான்! அதாவது, பெயர் வருவதற்கு முன்பே பொருளைப் பிடித்துவிட்டார். அந்தத் தங்கத் திரவத்தில் சில புட்டிகள் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் இன்னும் இருக்கின்றன. தங்கம் தண்ணீரைவிட 19 மடங்கு அடர்த்தியானது, ஆனாலும் அடியில் இறங்கவில்லை. துகள்கள் அவ்வளவு சிறியவை. தண்ணீர் மூலக்கூறுகள் ஓயாமல் முட்டிக்கொண்டே இருக்கும். துகள்களின் மேல் ஒரே வகை மின்னூட்டம் இருப்பதால் அவை ஒட்டிக்கொள்வதுமில்லை.

துகளின் அளவுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. அதற்கும் சிறிய துகள் என்றால் கரைசல். 1 முதல் 1000 நானோமீட்டர் வரை கூழ்மம். அதைத் தாண்டினால் தொங்கல்.

இதை நீங்களே செய்து பார்க்கலாம். இரண்டு டம்ளர்களில் சுத்தமான தண்ணீர். ஒன்றில் சிட்டிகை உப்பு, இன்னொன்றில் ஓரிரு சொட்டுப் பால். அறையை இருட்டாக்கிவிட்டுப் பக்கவாட்டில் டார்ச் அடியுங்கள். உப்புத் தண்ணீரில் ஒளி போவதே தெரியாது. பால் விழுந்த தண்ணீரில் ஒளி ஒரு கோல் போல நிற்கும், லேசான நீலச் சாயலோடு. பின்னாளில் இயற்பியலாளர் ஜான் டிண்டால் விரிவாக ஆராய்ந்ததால் இதற்கு டிண்டால் விளைவு என்று பெயர்.

கலவைகளைப் பிரிக்கும் முறைகளைத்தான் விரிவாகச் சொல்வதாக இருந்தேன். ஒரு நிமிடம்தான் இருக்கிறதாம். சரி, வேகமாகச் சொல்கிறேன். தொங்கலை வடிகட்டலாம். கரைசலை ஆவியாக்கலாம், காய்ச்சி வடிக்கலாம். கூழ்மம் மட்டும் சாதாரண வடிதாளில் நழுவிப் போய்விடும். அதன் மின்னூட்டத்தைக் குலைக்க வேண்டும்; கலங்கல் தண்ணீரில் படிகாரம் போடுவது அதற்குத்தான். ஆற்றின் களிமண் கடல் உப்பைச் சந்தித்ததும் திரண்டு படிவதும் இதனால்தான். ஃபாரடேயும் தம் சிவப்புத் திரவத்தில் உப்பைச் சேர்த்துப் பார்த்தார், நீலமாகிவிட்டது. ஏன் நீலம் என்று... கை காட்டிவிட்டார்கள். உலோகக் கலவைகளைத் தொடவே இல்லை. நன்றி, வணக்கம்.